பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறதா வீட்டில்?

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு அதி கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலம் ஒரே இரவில் கார் பார்க்கிங் ஆகிவிட்டது. பாலத்தின் ஓரம் நெடுக வரிசையாகக் கார்கள். அபராதம் போடுகிறார்களாம் என்று செய்தி பரவ, அப்படி எதுவும் இல்லை என்று போலீஸ் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஊரே அந்தப் படங்களைப் பகிர்ந்து சிரித்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே பகுதிகளில்தான் தண்ணீர் நின்றது. மேம்பாலத்தில் கார் ஏறியதற்குக் காரணம் பயம் இல்லை, பழைய ரிப்பேர் பில்.

பாலத்தில் கார்களுக்கு இடம் கிடைத்தது. ஆக்டிவாவும் ஸ்ப்ளெண்டரும் எங்கே போகும்? அவை வீட்டு வாசலிலும் அபார்ட்மென்ட் ஸ்டில்ட்டிலும் நனைந்துகொண்டுதான் நின்றன. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை தெருவுக்குத் தெரு ஒரே காட்சி. சேற்றைத் துடைத்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, செல்ஃப் ஸ்டார்ட்டை அமுக்கிப் பார்ப்பார்கள். பெரிய செலவு ஆரம்பிப்பது வெள்ளத்தில் இல்லை. இந்த ஒரு அமுக்கலில்தான்.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அதற்கு நகர இடம் இருக்காது. ஸ்டார்ட்டர் மோட்டார் விடாமல் தள்ளினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அத்தோடு இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். சும்மா நிறுத்தி வைத்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை, ஐந்து இலக்கத்துக்குத் தாவிவிடும்.

அந்தக் காலையில் தேவைப்படுவது இரண்டே பொருள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்ற ஒரு 10 மி.மீ. ஸ்பேனர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற ஒரு பிளக் ஸ்பேனர். பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை நாலு முறை மெதுவாக மிதித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். ஆயிலை வடித்துப் பார்த்தால், தண்ணீர் கலந்திருந்தால் அது பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். அப்படியானால் ஆயில் மாற்றாமல் வண்டியைக் கிளப்பவே கூடாது. இரண்டு பொருளும் சேர்த்து, நாலு பேர் சாப்பிடும் பிரியாணி விலைகூட ஆகாது.

முழு இன்ஷூரன்ஸ் எடுத்த வண்டி என்றால் ஒரு எச்சரிக்கை. ஸ்பேனரைத் தொடும் முன் படம் எடுத்து கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், 'இன்ஜின் புரொட்டெக்ட்' என்ற கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்கு அந்தச் செலவைத் தர மறுக்க வாய்ப்பு அதிகம். எட்டு, பத்து வருடப் பழைய பைக்குகள் பல, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் மட்டுமே ஓடுகின்றன. அவற்றுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. அந்த வண்டிக்காரர்களுக்கு வீட்டு டூல் பாக்ஸ்தான் இன்ஷூரன்ஸ்.

அதை எப்படிச் சிக்கனமாகச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

முதல் ஆசை எல்லோருக்கும் ஒன்றே. ஆன்லைனில் ஆஃபர் வரும்போது, பளபளவென்று பெட்டிக்குள் அடுக்கிய '46 இன் 1' சாக்கெட் செட்டை வாங்கிவிடுவது. பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் அந்த மாதிரிச் செட்டில் ராட்செட்டின் சதுர முனை கால் அங்குலம்தான். பேட்டரி மூடி, ஹெட்லைட், சைடு பேனல் போன்ற சில்லறை வேலைக்குச் சரி. பின் சக்கர ஆக்ஸில் நட்டில் அதை மாட்டி ஏறி மிதித்தால் ராட்செட்டின் பல்தான் போகும். எண்ணிக்கையை ஏற்ற ஸ்க்ரூடிரைவர் பிட்டுகளை நிரப்பியிருப்பார்கள். 46-ல் கைக்கு வருவது ஏழெட்டு.

சரியான வழி வண்டியிலிருந்து தொடங்குவது. வீட்டில் இருக்கும் வண்டியைச் சுற்றி ஒரு முறை உட்கார்ந்து எந்த போல்ட் என்ன சைஸ் என்று எழுதிக்கொண்டால் பட்டியல் தானாக வரும். நம்மூர் பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17 ஆகிய சைஸ்களிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மெக்கானிக் கடையில் 'பத்துக்குப் பதினொண்ணு', 'பன்னெண்டுக்குப் பதிமூணு' என்று கேட்பது இரண்டு பக்கமும் வாய் திறந்த டபுள் எண்ட் ஸ்பேனரை. வீட்டுக்கு அதைவிட நல்லது, ஒரு முனை வாய் திறந்தும் மறு முனை வளையமாகவும் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர். இறுகிய நட்டை வளையத்தால் உடைத்து, பிறகு திறந்த வாயால் விறுவிறுவென்று கழற்றலாம். திறந்த வாய் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். பழக்கமில்லாத கை பலமாக இழுத்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டைக் கழற்ற ஆகும் செலவில் இரண்டு ஸ்பேனர் வாங்கலாம்.

சாக்கெட் வாங்கும்போது உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். ஆறு மூலை உள்ளதும் உண்டு, பன்னிரண்டு மூலை உள்ளதும் உண்டு. பன்னிரண்டு மூலை மாட்டுவதற்குச் சுலபம். ஆனால் கடற்காற்றிலும் மழையிலும் துருவேறிய நம் பக்கத்து நட்டுகளுக்கு ஆறு மூலைதான் கெட்டியாகப் பிடிக்கும். பிளக் ஸ்பேனரில் 16, 21 என்று இரண்டு சைஸ் பரவலாக உண்டு. எது என்று பார்க்காமல் வாங்கி, வெள்ளம் வந்த அன்று மாட்டிப் பார்ப்பது வீண்.

ஸ்டார் ஸ்க்ரூவில் இன்னொரு சூட்சுமம். நம் பைக்குகளில் பல ஜப்பானிய வடிவமைப்பு வழி வந்தவை. அவற்றின் ஸ்டார் ஸ்க்ரூவும் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றில்லை. பிலிப்ஸின் நுனி நீளம் என்பதால் அடியில் முட்டிக்கொண்டு சுவர்களைப் பிடிக்காமல் நழுவும். ஸ்க்ரூ தலை கிண்ணமாகிவிடும். 'ஜே.ஐ.எஸ்' என்று போட்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் முக்கால் பலத்தை அழுத்துவதற்கும் கால் பலத்தைத் திருப்புவதற்கும் கொடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம்

தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. டூல்ஸ் வாங்க அவர்களுக்கு ஒரு ரயில் பாதையே இருக்கிறது. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தாம்பரம் - கடற்கரை வழித்தடம். அதில் நாலாவது ஸ்டேஷன் பல்லாவரம். வெள்ளிக்கிழமை இறங்கினால் நடந்து போகும் தூரத்தில், பழைய டிரங்க் ரோட்டில் சந்தை. புறா, செடி, பழைய மிக்ஸி, சைக்கிள், கிராமபோன் என்று சகலமும் தரையில் விரித்திருக்கும். நடுநடுவே சாக்கின் மேல் குவியலாக ஸ்பேனர்கள்.

அந்தக் குவியல் ஒரு புதையல்தான். காயலான் கடைகளிலிருந்தும் மூடிய லேத் பட்டறைகளிலிருந்தும் வந்த இரும்பு. மேலே துரு இருக்கும், உள்ளே நல்ல ஃபோர்ஜிங் இருக்கும். இப்போது புதிதாக வரும் மலிவு ஸ்பேனரைவிட, முப்பது வருடம் ஒரு பட்டறையில் உழைத்த பழைய ஸ்பேனர் கெட்டியாக இருப்பது அங்கே சாதாரணம். துருவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒரு இரவு மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பார்க்க வேண்டியது வேறு. வாய் விரிந்திருக்கிறதா, வளையத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, கைப்பிடியில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் கீழே வைத்துவிடலாம்.

சந்தைக்குப் போகும்போது பர்ஸைவிட முக்கியமாகப் பாக்கெட்டில் இருக்க வேண்டியது 10, 12, 14 சைஸ் தலை உள்ள மூன்று புது போல்ட்டுகள். ஹார்டுவேர் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். ஸ்பேனரை எடுத்து அதில் மாட்டி ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இது ஏன் என்றால், குவியலில் பாதி அங்குல ஸ்பேனர்.

அதற்குப் பின்னால் நம்மூரின் தொழில் வரலாறே இருக்கிறது. பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஆலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற கார் ஓடிய காலத்தை இந்தப் பக்கத்துத் தாத்தாக்கள் இன்னும் சொல்வார்கள். 1955-ல் தொடங்கிய திருவொற்றியூர் என்ஃபீல்டு, ஊரெல்லாம் ஓடிய அம்பாஸடர் என அன்றைய வண்டிகள் எல்லாம் பிரிட்டிஷ் வழி. அவற்றின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அந்த வண்டிகள் போய்விட்டன, ஸ்பேனர்கள் மட்டும் சாக்கின் மேல் தங்கிவிட்டன.

இதில்தான் புதிதாக வாங்குபவர் ஏமாறுவார். ஏமாற்றுவது கடைக்காரர் இல்லை, கணக்கு. 9/16 அங்குலம் என்பது 14.29 மி.மீ. 14 போல்ட்டில் மாட்டும், சரியாக இருப்பது போலவே தோன்றும், பலமாக இழுக்கும்போது நழுவி முனையைத் தின்றுவிடும். 1/2 அங்குலம் 12.7 மி.மீ. 12-க்குத் தளர்வு, 13-க்கு மாட்டாது. 3/4 அங்குலம் மட்டும் 19.05, அதனால் 19-க்கு அழகாக உட்காரும். அதைத் தைரியமாக எடுக்கலாம். இன்னும் பழைய விட்வொர்த் ஸ்பேனர் என்றால் தலையே சுற்றும். அதில் பொறித்திருப்பது நட்டின் அகலம் இல்லை, போல்ட் தண்டின் கனம். 1/4 என்று போட்ட விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13 மி.மீட்டருக்கும் மேலே இருக்கும். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள், அவர்களுக்கு விட்டுவிடலாம்.

பேரம் ஒன்றொன்றாகப் பேசினால் கட்டுப்படியாகாது. நாலைந்தைப் பொறுக்கி வைத்துவிட்டு "அண்ணே, மொத்தமா எடுத்தா எவ்வளவு?" என்பதுதான் அங்கே வழக்கம். சில பொருட்களைப் பழையதாக வாங்கவே கூடாது. ஜாக்கி, டார்க் ரெஞ்ச், பிரேக் சம்பந்தப்பட்ட எந்தப் பாகமும். சார்ஜர் இல்லாமல் அடிமாட்டு விலைக்கு வரும் பேட்டரி டிரில்லும் வேண்டாம். அது யார் வீட்டில் காணாமல் போனது என்று யாருக்குத் தெரியும்?

அதே ரயிலில் எழும்பூரில் இறங்கினால் புதுப்பேட்டை நடக்கும் தூரம். அது பாகங்களுக்கான இடம். டூல்ஸ் வாங்கப் போகிற இடம் இல்லை. உடைந்த சைடு பேனல், பழைய மாடலின் மீட்டர் மூடி, கண்ணாடி ஸ்டாண்ட் என்று கம்பெனியே தயாரிப்பதை நிறுத்திய பொருளுக்கு அங்கே போகலாம். புது டூல்ஸை மொத்த விலைக்குப் பக்கத்தில் வாங்க வேண்டுமானால் கடைசி ஸ்டேஷனான கடற்கரை வரை போய், பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெருப் பக்கம் நுழைய வேண்டும். நாசிக்கின் டபாரியா, ஜலந்தர், லூதியானா பட்டறைகளின் சரக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். ஸ்பேனரில் ஐ.எஸ் 2028, ரிங் ஸ்பேனரில் ஐ.எஸ் 2029 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். 'குரோம் வனேடியம்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்தைப் பொறிப்பது உலோகத்தைச் சேர்ப்பதைவிட மலிவு.

ஒரு டூ வீலர் வீட்டுக்கு 8 முதல் 17 வரை ஸ்பேனர், ஒரு பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் இரண்டு, நோஸ் பிளேயர், கட்டிங் பிளேயர், டயர் பிரஷர் மீட்டர், ஆயில் வடிக்க ஒரு பழைய பிளாஸ்டிக் பேசின். புதிதாகவே வாங்கினாலும் ஏறத்தாழ 2,500 ரூபாய்க்குள் அடங்கும். பல்லாவரத்தில் பாதியைப் பொறுக்கினால் இன்னும் குறையும். பேசினைச் சமையலறையிலிருந்து எடுப்பவர்கள் முதலில் அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

தாங்குகிற பொருளில் கஞ்சத்தனம் வேண்டாம்

இதுவரை சொன்னதில் தவறாக வாங்கினால் நஷ்டம் ஒரு நட்டு. கார் வைத்திருக்கும் வீட்டில் நஷ்டம் வேறு மாதிரி.

மிகச் சிறிய காரின் எடையே ஏறத்தாழ முக்கால் டன். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும் செய்யப்பட்டது. அதை ஏற்றி வைத்துவிட்டு, விழுந்த நட்டை எடுக்கவோ சைலென்சரைப் பார்க்கவோ காருக்கு அடியில் தலையை நுழைப்பது உயிரோடு விளையாடுவது. ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கியும் அப்படித்தான். உள்ளே எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு சின்ன ரப்பர் சீல். அது எப்போது விடும் என்று முன்கூட்டிச் சொல்லாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி ஏறத்தாழ 2,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பணம் கையில் சேரும் வரை காருக்கு அடியில் செய்யும் வேலையைத் தள்ளிப்போடலாம்.

நம் வீடுகளில் ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவார்கள். ஹாலோ பிளாக் சுவரில் பரவலாக விழும் பாரத்தைத் தாங்கும். காரின் ஓரம் ஒரு கோடாக அழுத்தினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொலபொலவென நொறுங்கும். மரக்கட்டை பரவாயில்லை, அதுவும் அகலமான, விரிசல் இல்லாத கட்டை.

போர்ட்டிகோவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மழைத் தண்ணீர் வடிய கேட்டை நோக்கிச் சரிவாகத்தான் கட்டியிருப்பார்கள். கார் கழுவ வசதியாக டைல்ஸும் ஒட்டியிருப்பார்கள். சரிவும் வழுக்கலும் சேர்ந்த இடத்தில் ஜாக்கி போட்டால் கார் நகரும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். அந்தப் பின் சக்கரத்தையே தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கால் பயன் குறைவு. அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக்கொடுத்து, கியரில் போட்டு, அதற்குப் பிறகுதான் ஜாக்கி. ஸ்டாண்டை வைப்பதும் காரின் அடி ஓரத்தில் கம்பெனி குறித்துவைத்திருக்கும் இடத்தில்தான். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுவது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். எல்லாம் கைவிட்டாலும் கார் அதன் மேல்தான் உட்காரும். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

வேலை முடியும் வரை குழந்தைகளும் நாய்க்குட்டியும் அந்தப் பக்கம் வராமல் கேட்டைச் சாத்துவது வீட்டில் இருக்கும் மற்றவர்களின் பொறுப்பு.

வீல் நட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறிய கார்களின் வீல் நட்டை இறுக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ பாரம் கொடுத்தால் அந்த அளவு வந்துவிடும். ஆனால் பஞ்சர் கடையில் ஏர் கன்னால் அதைவிடப் பல மடங்கு இறுக்கிவிடுவதும் உண்டு. ஜி.எஸ்.டி சாலையில் இரவு பஞ்சர் ஆகி, காரோடு வந்த குட்டி ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஸ்டெப்னி மாற்ற முடியாமல் நிற்பவர்களின் பிரச்னை பலவீனம் இல்லை, நீளம் போதாத கைப்பிடி. இழுத்தால் நீளும் எல் வடிவ வீல் ஸ்பேனர் சில நூறு ரூபாய்தான். அறுபது வயது அம்மாவாலும் அதை மிதித்துக் கழற்ற முடியும். டயர் கடையிலிருந்து வந்த அன்றே வீட்டில் ஒரு முறை தளர்த்தி, அளவாக இறுக்கிவைப்பது இன்னும் நல்லது.

அதிகமாக இறுக்குவது வீட்டு மெக்கானிக்கின் நோய் என்றே சொல்லலாம். பைக்கின் ஆயில் டிரெய்ன் போல்ட் இரும்பு, அது மாட்டுகிற இன்ஜின் அலுமினியம். பயந்துபோய் இன்னும் ஒரு சுற்று என்று இறுக்கினால் அலுமினிய மரைதான் பிய்த்துக்கொண்டு வரும். டார்க் ரெஞ்ச் வாங்க வசதியில்லை என்றால் நீளமான ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் இருப்பதே பாதி மருந்து. சின்ன ஸ்பேனரின் நீளமே அது எவ்வளவு பலம் தாங்கும் என்பதற்கான குறிப்பு. அதன் மேல் பைப்பை மாட்டி நீட்டுவது வேண்டாத வேலை.

இன்னும் இரண்டு விஷயங்கள், இரண்டும் அக்கம்பக்கத்தைப் பற்றியவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகப் பரவும். அபார்ட்மென்ட் ஸ்டில்ட்டில் பெட்ரோலால் செயினைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, பத்தடி தள்ளி யாரோ தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச்சைப் போட்டால் அந்தச் சின்னப் பொறி போதும். செயின் கழுவ மண்ணெண்ணெயோ அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயோ போதும், அதுவும் திறந்த வெளியில். இரண்டாவது, வடித்த பழைய ஆயில். அது மழைநீர் வடிகாலுக்குப் போனால் முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் வழியாக ஓடும் அடையாற்றுக்குத்தான் போகும். 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கேனில் ஊற்றி மெக்கானிக் கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துவிட்டால் அவர்கள் மொத்தமாக அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு வாங்கி வைத்தால் பணம் மிச்சமாகுமா என்று வீட்டில் கேட்பார்கள். நேர்மையான பதில், உடனே ஆகாது. ஒரு ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றும் கூலி அதிகம் இல்லை. அதை மட்டும் கணக்கிட்டால் டூல் பாக்ஸின் விலை திரும்பி வர வருடங்கள் ஆகும். அதோடு 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ் 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது. வாரன்ட்டியில் இருக்கும் வண்டியில் இன்ஜினைத் தொடுவது புத்திசாலித்தனமும் இல்லை. ஏ.பி.எஸ் பிரேக், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், எலெக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள் இவை மூன்றும் வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டிய வேலைகள்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு, மகள் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்றால் அது பேட்டரி டெர்மினல் தளர்ந்ததா, பிளக் கரி பிடித்ததா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் போனாலும், 'என்னமோ சத்தம் வருதுண்ணே' என்பதற்குப் பதில், 'செயின் லூஸ், பின் பிரேக் ஷூ தேய்ந்திருக்கு' என்று சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்கிறவர்களிடம் பில்லும் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். ஒன்று கவனிக்கலாம். பல வீடுகளில் டூல் பாக்ஸ் அப்பாவின் பைக்குக்காக வாங்கியிருக்கும். தினமும் பள்ளி, மார்க்கெட், ரேஷன் கடை என்று ஓடுவது அம்மாவின் ஸ்கூட்டர். அதன் பிளக் சைஸ் என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

வாங்கியதை எங்கே வைப்பது என்பது தாம்பரம் பக்கத்தில் தனிக் கேள்வி. 2015-ல் மாடிப்படிக்கு அடியில் டூல் பாக்ஸ் வைத்திருந்த வீடுகளில் வண்டிக்கு முன்னால் மூழ்கியது அதுதான். தண்ணீர் வடிந்து பார்த்தால் ஸ்பேனர்கள் ஒன்றோடு ஒன்று துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பெட்டி பரணிலோ, தரைத்தளத்தில் என்றால் ஆள் உயர ஷெல்ஃபிலோ இருக்க வேண்டும். பயன்படுத்திய பிறகு துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை லேசாகத் தடவி வைத்தால் அடுத்த மழை வரை தாங்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் பிளக் ஸ்பேனரையும் மட்டும் பெட்டிக்குள் போடாமல், இன்வெர்ட்டர் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடலாம். கரண்ட் போன இருட்டில் கை நேராக அங்கேதான் போகும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையை இதற்கு ஒதுக்கினால் போதும். பாக்கெட்டில் அந்த மூன்று போல்ட்டுகள் மறக்கக் கூடாது.